இரண்டு மணிக் காட்சியில் எழுந்து நின்றவள்

என் மகனுக்கு,

நீ சிவப்பு மசியில் திருத்தி அனுப்பிய என் கடிதம் முந்தாநாள் தபாலில் வந்தது. சிங்கப்பூரில் நீ வேலை பார்க்கிற பத்திரிகையின் ஆசிரியருக்கு என்று முகவரி எழுதி நான் அனுப்பியதை நீயே பிரித்திருக்கிறாய். 'ர' வரவேண்டிய நாலு இடங்களில் நான் 'ற' போட்டிருந்ததைச் சுழித்திருக்கிறாய். ஒரு வாக்கியத்தை அடியோடு அடித்துவிட்டு ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். கடைசியில், "அம்மா, இதெல்லாம் பத்திரிகைக்கு வேண்டாம், ஆபீசில் என் பெயர் கெடும்" என்று எழுதி, மடித்து, திருப்பிவிட்டாய். மகன் என்ன எழுதியிருக்கிறான் என்று உன் அப்பா கேட்டார். எழுத்துப் பிழை பார்த்து அனுப்பியிருக்கிறான் என்றேன். அவருக்குப் பெருமையாக இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்து தொலைத்ததால்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அதனால் இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று பக்கத்து ஊரான புலாவ் செபாங் வாசகசாலையில் இளைஞர்கள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகைக்கு. அவர்கள் பிழை திருத்தமாட்டார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிக்கட்டும். உன் பெயரைப் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. ஆனால் யார் என்று தெரியவேண்டியவர்களுக்குத் தெரியும்.

நீ அந்தப் படத்தைப் பாராட்டிப் பத்திரிகையில் கட்டுரை எழுதினாய் என்பதற்காக எனக்குக் கோபமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வது இயற்கை. அன்று ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லாரியில் முப்பது பேர் போனோம். ஊரடங்கு என்று ஆறு மணிக்கு வேலிக் கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்பதால் நமக்கு வாய்த்தது இரண்டு மணிக் காட்சிதான். லீவில் வந்திருந்த நீ தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியோடு பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தாய், நாங்கள் திரைக்குப் பக்கத்தில் பெஞ்சில். திரும்பும்போதும் நீங்கள் இரண்டு பேரும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டீர்கள். அதனால் லாரியின் பின்னால் நடந்த பேச்சு உன் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் உன் கட்டுரை இன்னும் கொஞ்சம் நன்றாக வந்திருக்கும்.

படத்துக்கு மூலமான நாவலில் சௌந்தரம் என்ன செய்தாள் என்பது உனக்கும் தெரியும். புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பரிசலேறி ஆற்றைக் கடந்து போய்விடுகிறாள். அதோடு கதை முடிந்துவிடும். படத்தில் பாதி ஆற்றில் பரிசலைத் திருப்பச் சொல்லி வந்து அவன் காலில் விழுகிறாள். அவன் அவளை மன்னிக்கிறான். மேளம் கொட்டுகிறார்கள். லாரியில் கங்காணி சம்சாரம் இதுதான் சரி என்று சொன்னாள், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற படம் வேறெப்படி முடியும் என்று கேட்டாள். கல்யாணமாகாத பெண்கள் நாலு பேருக்குப் பாட்டைத் தவிர எதுவும் நினைவில் இல்லை. உன் அப்பா, ஆற்றை நன்றாகக் காட்டியிருக்கிறான் என்றார், ஊரை விட்டு வந்து அவ்வளவு தண்ணீரை அவர் பார்த்ததே இல்லையாம். மற்றப் பெண்கள் ஏமாந்துபோன எரிச்சலில் இருந்தார்கள். கதையை நான் அவர்களுக்குப் படித்துக் காட்டியிருந்தேன், அவர்கள் இந்தச் சௌந்தரத்தைப் பார்க்க வரவில்லை.

நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் கஷ்டப்படுகிற லெட்சுமியை உனக்குத் தெரியும். அவள் மட்டும் வேறு மாதிரி பேசினாள். "கதை எழுதுனவரு அவளக் கரையேத்தி வுட்டுட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாரு. அந்தப் புள்ளைக்கு அன்னிக்கி ராத்திரி சோறு யாரு போட்டா? படக்காரனாச்சும் தலைக்கு மேல ஒரு கூரையக் குடுத்தான்லா" என்றாள். அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நீயும் படத்தின் முடிவைத்தான் மெச்சியிருந்தாய். ஆனால் அவள் வயிற்றிலிருந்து பேசினாள், நீ பண்பாடு என்று எழுதினாய். போகட்டும், அதுவும் ஒரு அபிப்பிராயம். அதற்காகப் பெற்ற மகனோடு சண்டை போடுகிறவள் இல்லை நான்.

அதற்குக் கீழே எழுதினாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நாவலைக் கண்ணாலும் பார்த்திராத ஒரு தோட்டத்துப் பெண் கள் போதையில் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கூச்சலிட்டாள் என்றும், இப்படிப்பட்ட ரசிகர்களை வைத்துக்கொண்டு கலை எங்கே வளரப்போகிறது என்றும் எழுதினாய். நகைச்சுவையாக எழுதியிருக்கிறாய் என்று கிராணி பாராட்டினார். எழுந்து நின்றவள் பாக்கியம். நம் வீட்டிலிருந்து மூன்று கதவு தள்ளி, முனியாண்டியின் பெண்சாதி. நீ பின்னால் இருந்ததால் முதுகை மட்டும் பார்த்தாய். முதுகைப் பார்த்துவிட்டு முகத்தைப் பற்றி எழுதினாய்.

அந்தக் கதை வாராவாரம் மெட்ராஸ் பத்திரிகையில் வந்தபோது நீ மலாக்காவில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். பிறகு அட்டை போட்ட புத்தகமாக வாங்கி இரண்டு நாளில் முடித்தாய். நாங்கள் அப்படிப் படிக்கவில்லை. இதழ் கப்பலில் வந்து, ரயிலில் வந்து, புலாவ் செபாங் கடைக்கு வர ஒரு மாதம் பிந்தும். ரப்பர் பால் வெட்டி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் எட்டுப் பெண்கள் வந்து உட்காருவார்கள். நான் படிப்பேன். பாதிக் கதையில்தான் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள், காட்டோரத்து வரிசை வீடுகளில், லயங்களில், இருந்தவர்களை எல்லாம் இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். ஒரு தடவை கேட்டில் சோதனை போட்டவர்கள் இதழைப் பிடுங்கிக்கொண்டார்கள். அச்சடித்த தாள் எதைப் பார்த்தாலும் காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போகும் செய்தியோ என்று அவர்களுக்குப் பயம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லக் கிராணியிடம் கொடுத்தார்கள். அவர் மூன்று நாள் வைத்திருந்து ஆற அமரப் படித்துவிட்டு, வெறும் குடும்பக் கதை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்த மூன்று நாளும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் வரிசையில் நிற்கும்போது எட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதை எங்களுக்கு அப்படிப்பட்டது. நாவலைக் கண்ணாலும் பார்த்திராதவர்கள் என்றாயே, உண்மைதான். அவர்கள் அதைக் காதால் கேட்டார்கள். ஒரு வரி விடாமல் கேட்டார்கள்.

பாக்கியம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, விரலில் ஒட்டிக் காய்ந்த பாலை உரித்துக்கொண்டே கேட்பாள். மற்றவர்கள் அழுகிற இடத்தில் அவள் அழமாட்டாள். முனியாண்டி அவளை அடிப்பது லயம் முழுக்கத் தெரியும். பலகைச் சுவர், தெரியாமல் எப்படி இருக்கும். கடைசி அத்தியாயத்தை நான் படித்து முடித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் மட்டும், "அந்தக் கரையில அவளுக்கு யாருக்கா இருக்கா?" என்று கேட்டாள். அதைக் கதையில் சொல்லவில்லை, நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரிய படிப்பாளி மாதிரி பதில் சொன்னேன். எனக்கு அன்று என் குரலே பிடித்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மழை நாளில், பிற்பகலில், பாக்கியம் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, கையில் ஒரு துணி மூட்டை. உதடு கிழிந்து வீங்கியிருந்தது. தங்கா பத்துவில் அண்ணன் இருக்கிறார், இரண்டு நாள் இங்கே இருந்துவிட்டு அவருக்குச் சொல்லியனுப்பிப் போய்விடுகிறேன் என்றாள். உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவர்மேல் பழி போடமாட்டேன். வீட்டில் இருக்கிறவர்கள் பெயர்ப் பட்டியல் கதவில் ஒட்டியிருந்தது. ஒரு தலை கூடுதலாக இருந்தால் சோதனைக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்டால் உன் படிப்புக்குத் துரை எழுதித் தருவதாகச் சொன்ன சிபாரிசு போய்விடும். இதெல்லாம் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. "இப்ப சமயம் சரியில்ல பாக்கியம். அவருகிட்டயே பேசிப் பாரு" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. குடையைப் பிடித்து, அவள் கையைப் பிடித்து, மூன்று கதவு தள்ளி நானே கொண்டுபோய் விட்டேன். முனியாண்டி குழந்தையை வாங்கிக்கொண்டான். என்னைப் பார்த்துக் கும்பிட்டான். கதவு சாத்திக்கொண்டது.

அந்த மாதம்தான் அவளுக்கு இடது காது போனது. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவிட்டது. பிறகு ஒரு வருஷம் நான் எந்தக் கதையும் படித்துக் காட்டவில்லை. கண் வலி என்று சொல்லிக்கொண்டேன். படத்தின் முடிவை மெட்ராஸ்காரன் யாரோ மாற்றி எழுதியதாக நீ நினைக்கிறாய். அவனுக்கு நாலு வருஷம் முன்னாலேயே அதை நான் இந்த லயத்தில் நடத்திக் காட்டிவிட்டேன். மேளம் மட்டும்தான் இல்லை.

இப்போது அந்தக் கொட்டகையில் நடந்ததைச் சொல்கிறேன். சௌந்தரம் காலில் விழுந்ததும் பாக்கியம் எழுந்தாள். திரையைப் பார்த்து அல்ல. அவளுக்கு முன் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன், என்னைப் பார்த்து. "அக்கா, இவ ஏன் திரும்பி வர்றா? நீங்க படிச்சப்ப வரலியே. எங்கிட்ட மாத்திப் படிச்சீங்களா?" என்று கேட்டாள். காது கேட்காதவளுக்குத் தன் குரல் எவ்வளவு உயரம் என்று தெரியாது. கொட்டகை முழுக்க எதிரொலித்தது. பின்னால் நாற்காலிகளில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நீயும் இருந்தாய் என்பது கட்டுரை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். பதில் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, அவளுக்காக அல்ல, நீ பார்த்துக்கொண்டிருப்பாயே என்று. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கள் போதை என்று எங்கிருந்து கண்டுபிடித்தாய், தம்பி? அவள் பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தாயா? தோட்டத்துப் பெண் உரக்கப் பேசினால் குடித்திருப்பாள் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யோசித்துப் பார்த்தால் நான்தான். லயத்துப் பிள்ளைகளோடு சேராதே, அவர்களைப் போலப் பேசாதே, நன்றாகப் படித்து இந்த வேலியைத் தாண்டிப் போய்விடு என்று உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் ஊட்டினேன். நீ போய்விட்டாய். போன இடத்திலிருந்து எங்களைப் பார்த்தால் நாங்கள் எல்லாரும் ஒரே முதுகாகத் தெரிகிறோம்.

உன் கட்டுரையைக் கிராணி ஆபீஸ் வாசலில் நின்று சத்தமாகப் படித்தார். முனியாண்டிக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் அவரிடம் கேட்டு அந்தத் துண்டை வெட்டி வாங்கி, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டான். கள்ளுக்கடையில் நாள் தவறாமல் உட்கார்ந்திருப்பவன் அவன். என் பெண்சாதி குடிகாரி, பேப்பரிலேயே போட்டுவிட்டான் என்று அங்கே எல்லாருக்கும் காட்டினான். அடுத்த வாரம் அவன் அடித்ததில் அவள் கை வீங்கி வேலைக்குப் போக முடியவில்லை. கங்காணியிடம் போய் முறையிட்டாள். குடித்துவிட்டு விழுந்தவள் புருஷன்மேல் சொல்கிறாள் என்று அவர் திருப்பி அனுப்பினார். நீ ஒரு நாள் எழுதி மறந்துவிட்ட வார்த்தை அவளோடு தினமும் வேலைக்குப் போனது, தினமும் வீட்டுக்குத் திரும்பியது. அதற்குப் பிறகுதான் நான் ஆசிரியருக்கு எழுதினேன். அதைத்தான் நீ பிழை திருத்தினாய்.

ஆசிரியரின் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் நான் பாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். வலது காதுப் பக்கம் குனிந்து, நான் மாற்றிப் படிக்கவில்லை, கதையில் அவள் திரும்பவே இல்லை, நான்தான் உன்னைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டேன் என்று சொன்னேன். அவள், "கதை அப்படித்தானேக்கா? அது போதும்" என்றாள். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை புலாவ் செபாங் போலீஸ் ஸ்டேஷனுக்கு அவளோடு போய், அடையாளக் கார்டில் முகவரி மாற்ற நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வேலை முடிந்ததும் உன் அப்பா மூட்டையைத் தூக்கிக்கொண்டார், நான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். கேட்டில் முனியாண்டி நின்றான். காவலுக்கு இருந்தவரிடம் அந்தப் பேப்பர் துண்டை நீட்டி, இவள் குடிகாரி, புத்தி சரியில்லாமல் ஓடுகிறாள், விடாதே என்று மலாயில் சொன்னான். காவல்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் அவருக்கு எப்படித் தெரியும். அப்போது பெண்களைச் சோதனை போடுகிற மலாய்க்காரப் பெண் முன்னால் வந்தாள். நாலு வருஷமாக ஒவ்வொரு விடியற்காலையும் பாக்கியத்தின் மடியையும் தூக்குவாளியையும் தடவிப் பார்த்து அனுப்புகிறவள். "இனி ஓராங் தியாடா மினும்" என்றாள். இவள் குடிக்கிறவள் இல்லை என்று. பிறகு முனியாண்டி பக்கம் விரலை நீட்டி, இவன்தான் என்றாள். காவல்காரர் எங்கே போகிறீர்கள் என்று பாக்கியத்தைக் கேட்டார். அவளுக்குக் கேள்வி கேட்கவில்லை, ஆனால் புரிந்தது. "பாலேக் ரூமா, துவான்" என்றாள். வீட்டுக்குப் போகிறாளாம். உரக்கத்தான் சொன்னாள். கேட்டைத் திறந்தார்கள். உன் பாஷை தெரியாத அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லையே என்று பஸ்ஸில் போகிற வழியெல்லாம் எனக்கு நெஞ்சு எரிந்தது.

தங்கா பத்துப் பக்கமெல்லாம் வேலியும் ஊரடங்கும் எடுத்து நாளாகிறது. அவள் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். அண்ணி முகம் மலரவில்லை, எத்தனை நாளைக்கு என்று என் காதுபடவே கேட்டாள். தஞ்சோங் கிளிங்கில் மீன் காயப்போடுகிற இடத்தில் பாக்கியத்துக்கு வேலை கிடைத்திருக்கிறது. கை வெந்துபோகிற வேலை. லெட்சுமி லாரியில் கேட்டது பாதி நியாயம்தான் என்று அங்கே நின்றபோது நினைத்துக்கொண்டேன். அந்தக் கரையும் சுலபமான கரை இல்லை. ஆனால் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அம்மா என்ற முறையில் ஆயிரம் புத்தி சொல்ல வேண்டிய நேரம். எனக்கு ஒன்றிரண்டுதான் தோன்றுகிறது. உன்னிடம் வரப்போகிற பெண் ஒரு நாள் குரலை உயர்த்துவாள். உயர்த்தாத பெண் இல்லை. என்ன கேட்கிறாள் என்று முதலில் காதில் வாங்கு, எப்படிக் கேட்கிறாள் என்பதைப் பிறகு பார்த்துக்கொள். அவள் எழுதுகிற கடிதத்தில் பிழை இருந்தால் திருத்தாதே, பதில் எழுது. அடிபட்டு ஒருத்தி உன் வாசலில் வந்து நின்றால் சமயம் சரியில்லை என்று உன் அம்மாவைப் போலச் சொல்லாதே. எந்தச் சமயமும் சரியாக இருக்காது. எனக்கு அது தெரிய நாலு வருஷமும் ஒரு பெண்ணின் காதும் ஆயிற்று.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். நீ எழுதிய அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், நாலு வரி எழுது. பெயர் போடவேண்டாம், அவள் கேட்கவும் இல்லை. அந்தக் காட்சியில் எழுந்து நின்ற பெண் குடித்திருக்கவில்லை, அவளுக்குக் காது கேட்காது, அந்த நாவலை உன்னைவிட நன்றாக அறிந்தவள், அவள் கேட்டது நியாயமான கேள்வி என்று எழுது. படம் உனக்குப் பிடித்திருந்தால் அதையும் எழுதிக்கொள், அதில் ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பேப்பர் புலாவ் செபாங் கடைக்கு வருகிற அன்று உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கு ரயில் ஏறுகிறேன். முகூர்த்தத்துக்கு முன்னால் வந்தால் முகூர்த்தத்துக்கு முன்னால். பிந்தி வந்தால் பிந்தி.

அம்மா